கடல் கடந்த கல்வியும் உதவித்தொகையும் – ஒரு வரலாற்று நோக்கு

நம் கல்விச் சங்கம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்தனர். எதனைப் பற்றி எழுதுவது என்று எண்ணிக் கொண்டிருந்த நாளில், சங்கத்தின் மாலை வகுப்பிற்கு வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நம்மிடம் வந்து, "ஐயா, அமெரிக்காவில் படிக்க வேண்டுமானால் எந்தக் கல்லூரிக்கு எழுதுவது? எங்கள் அப்பாவால் ஒரு ரூபாயும் தர முடியாது" என்று கேட்டாள். ஆசிரியப் பணியில் எத்தனையோ வினாக்களுக்கு விடையளித்த நமக்கு அவ்வினாவிற்கு உடனே விடை கூற இயலவில்லை. வீட்டிற்கு வந்து பழைய நூல்களைப் புரட்டினோம். அவ்வினா புதியதன்று, நூறாண்டுகளுக்கு மேலாக நம்மவர் கேட்டுவரும் வினாவே என்பது அப்போது புலனாயிற்று. ஆகவே அதனையே இக்கட்டுரையின் பொருளாகக் கொண்டோம்.

அமெரிக்கா என்னும் பெயர் திண்டிவனம் வட்டாரத்து மக்களுக்குப் புதிதன்று. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையினர் 1853 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆர்க்காடு மிஷன் இப்பகுதியில் பள்ளிகளை நடத்தியது. ஸ்கடர் குடும்பத்தார் அம்மிஷனின் தூண்கள். வால்டர் ஸ்கடர் பெயரைத் தாங்கிய பள்ளி திண்டிவனத்தில் இன்றும் உள்ளது. கடலுக்கு அப்பால், முன்பின் அறியாத ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் திரட்டப்பெற்ற காசு, நம் சேரிப் பிள்ளைகளின் சிலேட்டும் பலகையுமாக மாறியது. அமெரிக்கா செல்வதற்கு நெடுங்காலம் முன்னரே அமெரிக்கப் பண உதவி நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது என்றே கூறலாம்.

அவ்வுதவியை ஏற்று, பின்னர் மறுத்த சிறுவன் ஒருவனின் வரலாறு நம் இளைஞர் அனைவரும் அறிய வேண்டுவது. ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஆம் ஆண்டு பிறந்த முனுசாமி என்னும் அச்சிறுவன், திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் பள்ளியில் சேர்ந்து விடுதியில் தங்கிப் பயின்றான். அவனது அறிவுக் கூர்மையைக் கண்டு வியந்த பாதிரிமார், அவனை மதம் மாறுமாறு வற்புறுத்தினர் என்றும், அவன் இசையாதபோது அதுவரை அவனுக்கு ஆன செலவைத் திருப்பிக் கேட்டனர் என்றும் அவன் வரலாற்றில் சொல்லப்படுகிறது. குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்றது. அச்சிறுவனே பின்னாளில் 1910 இல் சிதம்பரம் வந்து, 1916 இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, 1959 இல் மறையும் வரை நம் மக்களுக்காகச் சட்டமன்றத்திலும் குரல் கொடுத்த சுவாமி சகஜானந்தர். நாம் இங்கு மதத்தைப் பற்றிப் பேச வரவில்லை. அம்மிஷன் பள்ளிகளால் வாழ்வு பெற்ற குடும்பங்கள் நம்மிடையே பல உள. உதவித்தொகை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நிபந்தனை நிற்கிறது, அதனை முதலிலேயே படித்தறிதல் வேண்டும் என்னும் ஒன்றை மட்டும் இங்கே குறித்துக் கொள்வோம்.

இனி, அண்ணல் அம்பேத்கரிடம் வருவோம். அண்ணல் கொலம்பியாவில் படித்தார் என்பதை மேடைதோறும் கேட்கிறோம். எப்படிப் படித்தார், யார் பணத்தில் படித்தார், கணக்கு எவ்வளவு என்பதை எவரும் சொல்வதில்லை. ஆனால் கேள்வி கேட்ட மாணவிக்கு வேண்டியது அந்தக் கணக்கே.

பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்காவை நேரில் சென்று கண்டவர். அந்நாட்டுக் கல்விமுறையில் ஈடுபாடு கொண்டவர். அந்நாட்டிலிருந்து நூலக அறிஞர் ஒருவரை அழைத்து வந்து தம் நாட்டில் நூலகங்கள் அமைத்தவர். அவர் தம் செலவில் மாணவர் சிலரை அமெரிக்காவிற்கு அனுப்ப விரும்பினார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் தந்த மாதம் 25 ரூபாய் உதவியால் பி.ஏ. முடித்த அம்பேத்கர், 1913 ஆம் ஆண்டு பிப்ரவரியில் தந்தையை இழந்த நிலையில், அவ்வாய்ப்பினைப் பெற்றார். 1913 ஜூன் 4 ஆம் நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மாதம் 11½ பவுன் வீதம் மூன்றாண்டு உதவி. கல்வி முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுதல் வேண்டும். இதுவே உடன்படிக்கை. அடுத்த மாதமே அவர் நியூயார்க் நகரில் இறங்கினார்.

கொலம்பியாவை அவர் தேர்ந்தெடுத்தாரா? பல கல்லூரிகளின் தகவல் நூல்களை விரித்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாரா? அவ்வாறு செய்யும் நிலையில் அவர் இல்லை. உதவித்தொகை எந்தத் துறைமுகத்திற்கு வழிவிட்டதோ அங்கே சென்றார். ஆனால் சென்ற பின் எதனைப் படிப்பது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார். அதில்தான் அவரது பெருமை விளங்குகிறது. பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. பட்டம் பெறுவதற்கு இவ்வளவும் தேவையன்று. மன்னரின் பணம் மூன்றாண்டில் நின்றுவிடும். அதற்குள் அந்தப் பல்கலைக் கழகத்தில் கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும் என்று எண்ணியவர் போல் படித்தார். செலிக்மன் பொருளியல் கற்பித்தார். ஜான் டூயி தத்துவம் கற்பித்தார். அதே சிறு தொகையில் மிச்சம் பிடித்து வீட்டிற்கும் பணம் அனுப்பினார். பழைய புத்தகக் கடைகளில் நூல்களையும் வாங்கிக் குவித்தார். 1915 இல் எம்.ஏ. பட்டம். 1916 மே 9 ஆம் நாள் மானிடவியல் கருத்தரங்கில் "இந்தியாவில் சாதிகள்" என்னும் கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

டாக்டர் பட்டத்தின் கதை விந்தையானது. 1916 க்குள் கொலம்பியாவில் தங்கிப் படிக்க வேண்டியதைப் படித்து, ஆய்வுரையையும் எழுதினார். ஆயினும் பட்டம் முறைப்படி கிடைத்தது 1927 இல். ஆய்வுரையை அச்சிட்டுப் படிகளை ஒப்படைத்த பின்னரே பட்டம் வழங்குவது அந்நாளில் கொலம்பியாவின் விதி. லண்டனில் 1925 இல் நூல் அச்சேறியது. அதனைப் பரோடா மன்னருக்கே உரிமையாக்கினார். டூயியிடம் கொலம்பியாவில் பயின்ற சீன அறிஞர் ஹு ஷீ என்பாரும் 1917 இல் தேர்வு முடித்து, பத்தாண்டு கழித்து அதே 1927 இல்தான் பட்டம் பெற்றார் என்பது வியப்பான ஒற்றுமை. அவர் சென்றது பாக்சர் இழப்பீட்டு உதவித்தொகையில். சீனாவிடம் அமெரிக்கா மிகையாக வாங்கிய இழப்பீட்டுப் பணத்தைத் திருப்பி, 1909 முதல் சீன மாணவர்களை அழைத்த திட்டம் அது. சீனருக்கு அத்தகைய வாயில் ஒன்று திறந்திருந்தபோது, நம் நாட்டில் ஒரு மன்னரின் மனம் இரங்கினால் மட்டுமே வழி பிறந்தது.

1916 இல் லண்டன் சென்ற அண்ணல், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் படிப்பை நடுவில் நிறுத்தி 1917 இல் திரும்ப நேர்ந்தது. கப்பலில் தனியே அனுப்பிய புத்தகப் பெட்டிகளும் போரில் கடலுக்கு இரையாயின. உடன்படிக்கைப்படி பரோடா சென்றார். அங்கு நேர்ந்தது அனைவரும் அறிந்ததே. தங்க இடமின்றிப் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கி, தடியேந்தி வந்த கூட்டத்தால் விரட்டப்பட்டு, பூங்கா மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் விட்டார். கொலம்பியாவின் எம்.ஏ. பட்டம் பரோடாவில் ஓர் அறையை வாடகைக்குப் பெற்றுத்தரவில்லை. பத்தாண்டுப் பணி என்னும் நிபந்தனையை நிறைவேற்ற விடாமல் தடுத்தது அவ்வூரின் சாதி. ஆயினும் பணத்தைத் திருப்பித் தருமாறு பரோடா அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. நெடுநாள் கழித்தே அக்கோரிக்கை கைவிடப்பட்டது. பின்னர் சிடனம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவி, நண்பர் ஒருவரிடம் பெற்ற கடன் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி 1920 இல் மீண்டும் லண்டன் சென்று படிப்பை முடித்தார். ஒரே இடத்தில் முழுத்தொகையும் கிடைக்கும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1952 ஜூன் 5 ஆம் நாள் கொலம்பியா அவரை அழைத்துச் சிறப்பு டாக்டர் பட்டம் வழங்கியது.

அடுத்த தலைமுறையில் குறிப்பிடத்தக்கவர் கே.ஆர். நாராயணன். கேரளத்தின் உழவூர்க் குடிசையில் பிறந்து, 1945 இல் டாட்டா உதவி பெற்று லண்டன் பொருளியற் பள்ளியில் ஹெரால்டு லாஸ்கியிடம் பயின்றார். 1997 இல் குடியரசுத் தலைவரானார். ஜே.என். டாட்டா அறநிதி 1892 இல் நிறுவப்பட்டது. அது இன்றும் வழங்குவது கடன் உதவித்தொகை. திருப்பிச் செலுத்த வேண்டுவது. கடன் என்றதும் நம் வீடுகளில் அஞ்சுவர். அவ்வச்சம் காரணமற்றதன்று என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

வைசிராய் நிருவாக அவையில் உறுப்பினராக அமர்ந்த அண்ணல், 1942 அக்டோபரில் லின்லித்கோ பிரபுவிடம் அளித்த கோரிக்கையில் தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்குப் பணம் கேட்டார். மெட்ரிக்கிற்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகை 1944 இல் அவ்வழியே வந்தது. நம்முள் பெரும்பாலோர் பட்டம் பெற்றது அதனால்தான். இக்கட்டுரை எழுதும் கையும் அத்தொகையில் பேனா வாங்கிய கையே. சில மாணவர்கள் அக்காலத்தில் இங்கிலாந்தும் சென்றனர். விடுதலைக்குப் பின் 1954–55 இல் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்பொழுது நாடு முழுமைக்கும் ஆண்டிற்கு 125 இடங்கள். அவற்றுள் 115 அட்டவணைச் சாதியினர்க்கு. முப்பது விழுக்காடு பெண்களுக்கு. குடும்ப வருமானம் ஆண்டிற்கு 8 இலட்சத்திற்கு மேற்படலாகாது. வயது 35 க்குள் இருத்தல் வேண்டும். முதுகலைக்கும் ஆய்வுப் பட்டத்திற்கும் மட்டுமே உரியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பட்டப்படிப்பிற்குச் செல்பவர்க்கு உரியதன்று. இதனை அறியாது விண்ணப்பிக்கத் துடிக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறோம். தமிழ்நாடு அரசும் அண்ணல் பெயராலேயே அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவி வழங்கி வருகிறது.

இத்தேசியத் திட்டத்தில் 2022 ஆம் ஆண்டு ஒரு மாறுதல் செய்யப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அயல்நாடு செல்ல உதவியில்லை என்றனர். அவற்றை இங்கேயே படிக்கலாம் என்பது கூறப்பட்ட காரணம். 1913 இல் பரோடா மன்னர் இந்த விதியை வைத்திருப்பாராயின், "இந்தியாவில் சாதிகள்" என்னும் கட்டுரை கொலம்பியாவில் படிக்கப்பட்டிராது. நம் வரலாற்றை நாம் அயலில் சென்று ஆராய்தல் கூடாது என்னும் இவ்விதியை நம் சங்கம் ஏற்கவில்லை. நீக்க வேண்டும் என்று இம்மலர் வாயிலாகவும் கேட்டுக்கொள்கிறோம்.

சரி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கு என்ன வழி? அரசு உதவி இல்லை. எஞ்சி நிற்பது அமெரிக்கக் கல்லூரிகள் தாமே தரும் உதவி. இதிலும் வரலாறு நமக்குக் கைகொடுக்கிறது.

மகாத்மா ஜோதிராவ் புலே 1873 இல் தாம் எழுதிய "குலாம்கிரி"யை, நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார். அவ்வடிமை ஒழிப்பு இயக்கத்தின் மடியில் பிறந்த கல்லூரி ஒன்று கென்டக்கி மாநிலத்தில் உள்ளது. பெயர் பெரியா. 1855 இல் ஜான் ஃபீ என்னும் போதகர், அடிமை முறை நிலவிய மாநிலத்திலேயே, கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே கற்க வேண்டும் என்னும் கொள்கையோடு தொடங்கினார். 1859 இல் எதிரிகள் அவரைச் சார்ந்தோரை ஊரைவிட்டே துரத்தினர். உள்நாட்டுப் போர் முடிந்ததும் திரும்பி வந்து, இரு நிறத்தாரையும் ஒரே வகுப்பில் அமர்த்தினர். 1904 இல் மாநில அரசு சட்டம் இயற்றி அதனைத் தடுத்தது. 1908 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றது. 1950 இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே கறுப்பின மாணவர் மீண்டும் அங்கு நுழைந்தனர். கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்த முன்னோடி கார்ட்டர் உட்சன், கதவடைக்கப்படுவதற்கு முந்திய ஆண்டு, 1903 இல், அங்கே பட்டம் பெற்றவர்.

அக்கல்லூரி 1892 முதல் மாணவரிடம் பயிற்றுக் கட்டணம் வாங்குவதில்லை. மாற்றாக ஒவ்வொரு மாணவரும் வாரம் பத்து மணி நேரமேனும் கல்லூரியில் வேலை செய்தல் வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை என்று எவரும் அங்கு விலக்குப் பெறுவதில்லை. எல்லோரும் துடைப்பமும் தொடுவர், கணக்குப் புத்தகமும் தொடுவர். அயல்நாட்டு மாணவரைச் சிலரையே சேர்ப்பர். சேர்க்கப்படுவோர்க்கு முதலாண்டில் தங்கல், உணவு உட்பட உதவி கிடைக்கும். வேலை செய்வது நமக்கு இழிவன்று; ஆனால் ஒரு வேலை பிறப்பினால் இவனுக்கே உரியது என்னும் கொடுமையை அனுபவித்த நம் பிள்ளைகளுக்கு, எல்லோரும் எல்லா வேலையும் செய்யும் அந்த ஏற்பாடே ஒரு பாடம்.

மற்றக் கல்லூரிகளின் நிலையை விரைந்து கூறுவோம். தனியார் பெருங்கல்லூரிகளில் இன்று ஓராண்டுச் செலவு 90,000 டாலரையும் தாண்டுகிறது. நம் கணக்கில் முக்கால் கோடி. அந்நாட்டு நடுவண் அரசின் உதவி அயல்நாட்டு மாணவர்க்கு இல்லை. மாநிலப் பல்கலைக் கழகங்கள் தரும் உதவியும் மிகக் குறைவு. ஆகவே தனியார் கல்லூரிகளையே நாட வேண்டியுள்ளது. அவற்றுள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியனவும், 2022 முதல் டார்ட்மத், போடன் ஆகியனவும், அயல்நாட்டு மாணவன் பணம் கேட்கிறானா என்பதைப் பாராமலே சேர்க்கை முடிவு செய்து, பின்னர் தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. ஆனால் விண்ணப்பிப்போர் நூற்றுவருள் பத்துப் பேர்க்கும் குறைவாகவே இடம் கிடைக்கும். ஏனைய கல்லூரிகளுள் பெரும்பாலானவை பணம் கேட்பதையும் எடை போட்டே சேர்க்கும். அண்ணல் பயின்ற கொலம்பியாவும் இன்று அயல்நாட்டு மாணவர்க்கு இவ்விரண்டாம் முறையையே கைக்கொள்கிறது. சேர்த்துக்கொண்டால் தேவையை முழுவதும் ஈடுசெய்கிறது.

நம்மவர் நோக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சாதி கப்பலேறும், விமானமும் ஏறும். அங்குள்ள இந்திய மாணவரிடையேயும் "உன் ஊர் எது, தெரு எது" என்னும் விசாரணை உண்டு. 2019 டிசம்பரில் பிராண்டைஸ் பல்கலைக் கழகம், பாகுபாடு காட்டலாகாத காரணங்களின் பட்டியலில் சாதியையும் சேர்த்தது. 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக் கழகமும் சேர்த்தது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கையில் இதனையும் கேட்டறிவது நல்லது.

கடன் பற்றிய அச்சம் காரணமற்றதன்று என்று முன்னர்க் கூறினோம். அதனை இங்கு மறைக்காமல் எழுதுகிறோம். ஏனெனில் பிழை நம்முடையது. 2019 ஆம் ஆண்டு, விக்கிரவாண்டிக்கும் மயிலத்திற்கும் இடைப்பட்ட ஊரைச் சேர்ந்த நம் மாணவன் ஒருவனுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. ஆண்டிற்கு 20,000 டாலர் உதவித்தொகை என்று அதில் கண்டிருந்தது. அத்தொகையைப் பார்த்த மாத்திரத்தில் நாம் மகிழ்ச்சியில் திளைத்தோம். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவித்தோம், இனிப்பு வழங்கினோம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், எஞ்சிய 35,000 டாலரை, அதாவது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாயை, ஆண்டுதோறும் குடும்பம் செலுத்த வேண்டும் என்றிருந்ததை நாம் ஊன்றிப் படிக்கவில்லை. முதலாண்டுச் செலவிற்குப் பணம் உள்ளது என்று காட்டினால்தான் ஐ-20 என்னும் படிவம் வரும்; அது வந்தால்தான் விசா. பையனின் தந்தை இருந்த நாற்பது சென்ட் நிலத்தையும் அடகு வைக்கத் துணிந்தார். அதனை வைத்தாலும் இருபதில் ஒரு பங்கு தேறாது. கடைசியில் அவன் செல்லவில்லை. அதற்குள் இங்குள்ள கல்லூரிகளிலும் சேர்க்கை முடிந்துவிட்டது. ஓராண்டு வீட்டிலிருந்தான். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் "எப்போது அமெரிக்கா?" என்று கேட்டதை அவன் எப்படிப் பொறுத்தான் என்பதை நாம் அவனிடம் இன்றுவரை கேட்கவில்லை. மறு ஆண்டு விழுப்புரம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து நன்கு தேறினான். அந்த நிலம் மட்டும் அடகுக்குப் போகாமல் தப்பியது.

அன்று முதல் எவருக்கு எந்தக் கடிதம் வந்தாலும், "உதவித்தொகை எவ்வளவு" என்று நாம் கேட்பதில்லை. "மீதி எவ்வளவு" என்றே கேட்கிறோம். முகவர்களிடம் பணம் கட்ட வேண்டாம் என்றும் சொல்லி வருகிறோம். சென்னையில் அமெரிக்க இந்தியக் கல்வி அறக்கட்டளையின் அலுவலகத்தில் இலவசமாகவே வழிகாட்டுகின்றனர். விண்ணப்பக் கட்டணம் கட்ட இயலாதவர் விலக்குக் கேட்டால் பல கல்லூரிகள் தருகின்றன. இங்குள்ள கல்லூரியில் விண்ணப்பிப்பதையும் எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. 2025 இல் மே இறுதி தொடங்கி மூன்று வாரம் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நாள் குறிப்பதையே அமெரிக்கத் தூதரகங்கள் நிறுத்தி வைத்திருந்தன. எல்லாம் கைகூடிய பின்னும் இப்படியொன்று வரக்கூடும்.

கேள்வி கேட்ட மாணவியிடம் இவற்றையெல்லாம் கூறினோம். அவள் அஞ்சவில்லை. பெரியாவிற்கும் வேறு நான்கு கல்லூரிகளுக்கும் விண்ணப்பிப்பதென்றும், திண்டிவனம் அரசுக் கல்லூரிக்கும் விண்ணப்பிப்பதென்றும் முடிவு செய்தாள். நிதிப் படிவத்தை நிரப்ப அமர்ந்தபோது ஓரிடத்தில் தடை ஏற்பட்டது. "தந்தையின் முதலாளி பெயர்" என்று ஒரு கட்டம். அவள் தந்தை விற்பனைக் கூடத்தில் மல்லாட்டை மூட்டை தூக்குபவர், மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி, நாளுக்கொரு வியாபாரி. யார் பெயரை எழுதுவது? வருமானச் சான்றிற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாயிற்று. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் பார்த்து, வட்டாட்சியரிடம் சென்றுள்ளது. கட்டத்தில் அடங்காததைத் தனித்தாளில் விளக்கலாம் என்று படிவத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை இல்லை என்பதைத் தந்தையிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்திற்கு வருமாறு சொல்லியிருக்கிறோம். ஆங்கிலத்தில் அந்தத் தனித்தாளை நாம் எழுதித் தருவதாக ஏற்பாடு.